ஆண் எலி இணை சேரும் விதம்: மூக்கு முதல் முதுகுத்தண்டு வரை

ஆண் எலி பெண் எலியின் மேல் ஏறி, குறியை உட்புகுத்தி, இறங்கிவிட அரை நொடிகூட ஆவதில்லை. அந்த அரை நொடிக்குப் பின்னால் மூக்கு, மூளை, விந்தகம், முதுகுத்தண்டு ஆகிய நான்கும் இருக்கின்றன. மூக்கு செய்தி கொண்டுவருகிறது. மூளை அதை எடைபோடுகிறது. விந்தகம் அனுப்பும் இயக்குநீர் மூளையை முன்கூட்டியே பழக்கி வைத்திருக்கிறது. முதுகுத்தண்டு கடைசி வேலையை முடிக்கிறது. இந்த நான்கில் ஒன்று பழுதானாலும் ஆண் எலி துரத்தும், ஏறாது; அல்லது ஏறும், முடிக்காது. எந்த இடம் பழுதானால் எது நிற்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் இந்த நடத்தையின் உடலியல் புலப்பட்டது.

மும்பையின் எலிகள்

மும்பையில் மனிதரை அண்டி வாழும் எலிகள் ஓரினம் அல்ல. கூரையிலும் பரணிலும் ஓடுவது கருப்பு எலி, அதாவது சாதாரண வீட்டெலி. சாக்கடையில் வாழ்வது பழுப்பு எலி. அலமாரிக்குள் புகுவது சுண்டெலி. தரையைத் தோண்டி வளை அமைப்பவை பெருச்சாளி இனங்கள். அவற்றில் சிறியதான வங்கப் பெருச்சாளிதான் தமிழ்நாட்டு வயல்களில் வரப்பைக் குடைந்து நெற்கதிரைச் சேமிப்பது. மராத்தியில் பெருச்சாளிக்குப் பெயர் கூஸ். தாராவித் தமிழரும் அதை அப்படித்தான் அழைக்கிறார்கள். ஆங்கிலத்தில் வழங்கும் 'பாண்டிகூட்' என்ற சொல், பன்றி எலி என்று பொருள்படும் 'பந்திகொக்கு' என்ற தெலுங்குச் சொல்லிலிருந்து போனது.

இந்த நகரத்தின் வரைபடத்திலேயே எலியின் தடம் உண்டு. 1896 செப்டம்பரில் மாண்டவி பகுதியில், எலி பரப்பும் பிளேக் கண்டறியப்பட்டது. நெரிசலைக் குறைப்பதற்காக 1898-இல் பம்பாய் சிட்டி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைந்தது. அகலமான தெருக்களோடு அது வகுத்த புறநகர்த் திட்டங்களில் ஒன்றுதான் தாதர் – மாட்டுங்கா. பின்னாளில் அங்கே தமிழர் குடியேறினார்கள். அங்கிருந்து பலர் செம்பூருக்கும் நகர்ந்தார்கள். வால்டெமார் ஹாஃப்கினின் பிளேக் ஆய்வுக்கூடம் 1899-இல் பரேலுக்கு வந்தது. அதே பரேலில் 1970-இல் இனப்பெருக்க ஆராய்ச்சி நிறுவனம் உருவானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்கும் இந்த நிறுவனத்தில் டமாக்சிஃபென், எஸ்ட்ரடயால் ஆகியவற்றை ஆண் எலிகளுக்குக் கொடுத்து, விந்து உருவாவதும் கருவுறச் செய்யும் திறனும் எப்படி மாறுகின்றன என்று ஆராய்ந்தார்கள். பிளேக்கைப் பரப்பியதற்காக எலியை ஆராயத் தொடங்கிய பேட்டை, பிறகு மனிதரின் கருத்தடைக்காகவும் எலியை ஆராய்ந்தது.

எலியின் கலவி பற்றிய அறிவில் பெரும்பங்கு ஆய்வகத்து வெள்ளை எலியிடமிருந்து வந்தது. வெள்ளை எலி என்பது வளர்ப்பு விலங்காகிவிட்ட பழுப்பு எலியே. கீழே பெயர் குறிப்பிடாமல் 'எலி' என்று வரும் இடங்களில் அதையே கொள்ள வேண்டும்.

மோப்பம்

பெண் எலியின் பருவச் சுழற்சி நான்கைந்து நாள். அதில் அது ஆணை ஏற்கும் நேரம் ஏறக்குறைய ஓர் இரவு மட்டும். அந்த இரவு எது என்பதை ஆண் கண்ணால் அறிவதில்லை. சிறுநீரை மோந்து அறிகிறது.

எலியிடம் மோப்பத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. காற்றில் மிதந்து வரும் வாசனையை மூக்கின் மேற்பகுதியிலுள்ள மோப்பச் சவ்வு பிடிக்கிறது. ஆவியாகாத கனமான பொருள்களைப் பிடிக்க, நாசியின் அடியில் இரண்டு சிறு குழாய்கள் இருக்கின்றன. டென்மார்க்கின் லுட்விக் ஜேக்கப்சன் 1813-இல் விவரித்ததால் இவை ஜேக்கப்சன் உறுப்பு எனப்படுகின்றன. பெண்ணின் பின்புறத்தை ஆண் எலி ஈர மூக்கால் தொட்டுத் தொட்டு முகர்வது இந்தக் குழாய்களுக்குள் பொருளை இழுப்பதற்காகத்தான். மூக்குக்கும் மூளைக்கும் நடுவே இரண்டு வழிகளுக்கும் தனித்தனி முகர்வுக் குமிழ்கள் உண்டு.

இரண்டில் எது முக்கியம் என்பது இனத்துக்கு இனம் மாறுகிறது. ஆண் ஹாம்ஸ்டரின் முகர்வுக் குமிழ்களை நீக்கிவிட்டால் அது கலவியை அடியோடு மறந்துவிடுகிறது. எலியிடம் அதே அறுவை நாட்டத்தைக் குறைக்கிறது. முன்பே பழகிய ஆண் ஓரளவு தேறிக்கொள்கிறது. ஜேக்கப்சன் உறுப்பின் செய்தியை நரம்பில் ஏற்றும் ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்தபோது, ஆண் சுண்டெலிகள் பெண் மேல் ஏறுவதை நிறுத்தவில்லை. ஆண், பெண் வேறுபாடு பாராமல் ஏறின, எதிரி ஆணோடு சண்டையிடவும் இல்லை. அந்த உறுப்பு சுண்டெலிக்கு ஆசையைத் தருவதைக் காட்டிலும், எதிரில் நிற்பது யார் என்பதையே சொல்லிக்கொடுக்கிறது என்பது இதிலிருந்து கிடைத்த பாடம்.

மோப்பம் இரு பக்கமும் வேலை செய்கிறது. ஆண் தன் சிறுநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு வழித்தடத்தைக் குறிக்கிறது. அதிலுள்ள வாசனைப் பொருள்களில் ஒரு பங்கு குறியின் முன்தோலை ஒட்டிய சுரப்பியிலிருந்து வருகிறது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் அர்ச்சுனன் தலைமையிலான குழு இந்திய வீட்டெலியின் இந்தச் சுரப்பியை ஆராய்ந்து, ஃபார்னசால் என்ற பொருள் அங்கே ஒரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டு இருப்பதைக் காட்டியது. தனியாக விட்டால் சீக்கிரம் காற்றில் கரைந்துபோகும் வாசனை, புரதம் பிடித்து வைத்திருப்பதால் மெல்ல மெல்ல வெளிவருகிறது. ஆண் போன பிறகும் அதன் அறிவிப்பு தரையில் நிற்கிறது.

மனிதருக்கு இந்தச் சொட்டுகள் ஆபத்தானவை. எலியின் சிறுநீரகத்தில் லெப்டோஸ்பைரா கிருமி எலிக்குப் பெரிய தொல்லை தராமல் குடியிருந்து, சிறுநீரோடு வெளிவருகிறது. 2005 ஜூலை 26-இல் மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய பின், தேங்கிய நீரில் கால் வைத்து நடந்தவர்களிடையே லெப்டோஸ்பைரோசிஸ் பரவியது. எலி தன் இனத்துக்கு எழுதும் அறிவிப்பு பருவமழை நீரில் கரைந்து மனிதரின் கால் வெடிப்பு வழியே உள்ளே போகிறது.

துரத்தலும் புணர்ச்சியும்

நள்ளிரவுக்குப் பின் கடைகள் அடைத்து, நாலா (சாக்கடை) ஓரத்தில் கச்சரா (குப்பை) குவிந்திருக்கும் நேரத்தில் எலிகள் வெளியே வருகின்றன. சினைப்பருவத்துப் பெண் எலி நேராக ஓடாது. ஆணின் முன்னால் வந்து, குபீரென்று பாய்ந்து, இரண்டு துள்ளல் துள்ளி, சட்டென்று நிற்கும். அப்போது அதன் காதுகள் வேகமாக அதிரும். ஆண் துரத்திப் பின்னால் வரும். அதன் குரல் அப்போது 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். மனிதக் காது எட்டும் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ் என்பதால், பக்கத்தில் நிற்பவருக்கும் சந்து நிசப்தமாகவே தோன்றும்.

ஆண் முன்னங்கால்களால் பெண்ணின் விலாவைப் பிடித்ததும், அந்தத் தொடுகையே பெண்ணின் முதுகைக் குழிவாக வளைக்கிறது. தலையும் பின்புறமும் உயர, வால் ஒருபுறம் ஒதுங்குகிறது. இப்படி வளைந்து கொடுக்காவிட்டால் ஆணால் உட்புகுத்த முடியாது. எனவே புணர்ச்சியின் வேகத்தை நிர்ணயிப்பது பெரும்பாலும் பெண்தான். விலகி ஓடவும் திரும்பி வரவும் இடமிருந்தால், தனக்கு ஏற்ற இடைவெளியில் அது ஆணிடம் வருகிறது.

ஆணின் செயல்கள் மூன்று வகை. முதலாவது, ஏறுதல் மட்டும். இரண்டாவது, உட்புகுத்தல்: கால் நொடி அளவில் முடிந்து, ஆண் பின்னோக்கித் துள்ளி இறங்கித் தன் குறியை நக்கிக்கொள்ளும். அரை நிமிடம், ஒரு நிமிடம் கழித்து மறுபடியும் வரும். இப்படிப் பத்துத் தடவை அளவில் ஆன பின் மூன்றாவது செயல், விந்து வெளியேற்றம். அப்போது மட்டும் ஆண் ஆழமாக அழுத்தி, சில நொடிகள் பற்றியிருந்து, மெதுவாக விடுகிறது. பார்ப்பவர் இந்த வேறுபாட்டைக் கண்ணாலேயே கண்டுகொள்ளலாம். அதனால்தான் நேரத்தைக் குறித்து எண்ணிக்கையாகப் பதிவு செய்யும் ஆய்வுகளுக்கு எலி ஏற்ற விலங்காயிற்று.

பத்து முறை எதற்கு? ஒரே முறையில் விந்தைச் செலுத்திவிட்டுப் போகலாமே என்று தோன்றும். நார்மன் ஆட்லர் 1960-களின் இறுதியில் இதற்கு விடை தேடினார். பல முறை உட்புகுத்தப்பட்ட பெண்கள் எளிதில் கருவுற்றன. ஓரிரு முறையோடு விந்தைப் பெற்றவற்றில் கரு தங்குவது வெகுவாகக் குறைந்தது. யோனியும் கருப்பை வாயும் பெறும் தொடர்ந்த தூண்டல் நரம்பு வழியே மூளைக்குப் போகிறது. பிட்யூட்டரி சுரப்பி நாள்தோறும் இருமுறை புரோலாக்டினை அலையாகச் சுரக்கத் தொடங்குகிறது. அதனால் சினைப்பையின் புரோஜெஸ்ட்ரான் குறையாமல் நின்று, கருப்பை கருவை ஏற்கத் தயாராகிறது. தூண்டல் கிடைத்து விந்து கிடைக்காத பெண், கருவுறாமலே ஏறக்குறைய 12 நாள் சினைப்பருவத்துக்கு வராமல் இருக்கிறது. இதைப் பொய்ச் சினை என்கிறார்கள்.

மூளைக்குள் நடப்பது

முகர்வுக் குமிழ்களிலிருந்து செய்தி அமிக்டலாவின் உட்பகுதிக்கு வருகிறது. அங்கிருந்து அது ஹைப்போதலாமஸின் முன்முனையிலுள்ள முன்பார்வைப் பகுதியின் நடுப்பாகத்தை அடைகிறது. ஆண் கலவியின் மையம் இதுவே. இந்த இடத்தை இருபுறமும் சிதைத்துவிட்டால், எலி முதல் குரங்கு வரை சோதிக்கப்பட்ட விலங்குகளில் ஆணின் கலவி நின்றுபோகிறது அல்லது மிகவும் குறைகிறது.

நின்றுபோவது ஆசையா, செயலா? கேம்பிரிட்ஜில் பாரி எவரிட்டும் குழுவினரும் 1980-களில் இதைப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு நெம்புகோலைப் பலமுறை அழுத்தினால் பெண் எலி கிடைக்கும் என்று ஆண் எலிகளைப் பழக்கினார்கள். முன்பார்வைப் பகுதி சிதைந்த ஆண் நெம்புகோலை முன்போலவே விடாமல் அழுத்தியது. பெண் வந்ததும் அதனால் புணர முடியவில்லை. அமிக்டலாவின் அடிப்பக்கப் பகுதி சிதைந்த ஆண் நெம்புகோலைச் சட்டைசெய்யவில்லை. பெண்ணை முன்னால் விட்டதும் குறையின்றிப் புணர்ந்தது. வேண்டும் என்பதற்கும் செய்வதற்கும் மூளையில் தனித்தனி இடங்கள் இருக்கின்றன.

முன்பார்வைப் பகுதியில் முடுக்கியாகச் செயல்படுவது டோபமின். துளையிட்ட தடுப்புக்கு அப்பால் பெண்ணை வைத்தாலே, தொடுவதற்கு முன்பே, ஆணின் மூளையில் அங்கே டோபமின் ஏறுவதை எலைன் ஹல் அளந்தார். விந்தகம் நீக்கப்பட்ட ஆணிடம் அது ஏறவில்லை. அது புணரவும் இல்லை. தடையாகச் செயல்படுவது செரட்டோனின். விந்து வெளியேறும் தருணத்தில் ஹைப்போதலாமஸின் பக்கப்பகுதியில் செரட்டோனின் உயர்ந்து, ஆணைச் சற்று நேரம் ஒதுங்க வைக்கிறது. செரட்டோனினை நரம்பிடைவெளியில் தேங்க வைக்கும் மனச்சோர்வு மருந்துகள் மனிதரிலும் விந்து வெளியேற்றத்தைத் தாமதப்படுத்துவதற்கு இதே வேதியியல் காரணம்.

விந்தகத்தின் பங்கு

ஹைப்போதலாமஸிலிருந்து துடிப்புத் துடிப்பாக வெளிவரும் ஒரு சிறு பெப்டைடு பிட்யூட்டரியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரியின் எல்.எச். இயக்குநீர் விந்தகத்தைத் தூண்டுகிறது. விந்தகம் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கிறது. அது கூடினால் மேலே போய்த் துடிப்பை அடக்குகிறது. தொட்டி நிரம்பியதும் மிதவை குழாயை மூடுவதுபோன்ற ஏற்பாடு. இந்தச் சங்கிலியின் தலைக்கண்ணியைக் கண்டறிந்த ஆண்ட்ரூ ஷாலியும் ரோஜர் கில்லெமினும் 1977-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

ஆணின் விந்தகத்தை நீக்கினால் டெஸ்டோஸ்டிரோன் ஒரே நாளில் இரத்தத்திலிருந்து மறைகிறது. கலவி ஒரே நாளில் மறைவதில்லை. முதலில் விந்து வெளியேற்றம் நிற்கிறது, வாரங்கள் கழித்து உட்புகுத்தல், கடைசியாக ஏறுதல். டெஸ்டோஸ்டிரோனை மறுபடி ஏற்றினாலும் உடனே பலன் இல்லை. ஒரு வாரம், பத்து நாள் காத்திருக்க வேண்டும். இந்த இயக்குநீர் விசைபோல அந்தக் கணத்தில் செயலைத் தூண்டுவதில்லை என்று இதிலிருந்து தெரிகிறது. அது நரம்பணுக்களின் மரபணுக்களை இயக்கி, நொதிகளையும் ஏற்பிகளையும் கட்டி, பெண்ணின் வாசனை வரும்போது டோபமின் பொங்கும்படி மூளையைத் தயார்நிலையில் வைக்கிறது. தூண்டுவது வாசனை, தூண்டலுக்கு ஆளாகும்படி வைப்பது டெஸ்டோஸ்டிரோன்.

இதில் வியப்பான ஒரு திருப்பம் உண்டு. எலியின் மூளைக்குள் டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதியை அரோமட்டேஸ் என்ற நொதி எஸ்ட்ரடயாலாக மாற்றுகிறது. பெண்மைக்குரியதாகப் பெயர்பெற்ற அந்த இயக்குநீர்தான் ஆண் எலியின் மூளையில் கலவி நாட்டத்தைப் பெரிதும் தாங்குகிறது. டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உண்டாகும் இன்னொரு பொருளான டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் மூளையில் தனியாகப் பெரிதாக எதையும் சாதிப்பதில்லை. குறியின் மேலுள்ள நுண்முட்களையும் அங்குள்ள உணர்ச்சியையும் காப்பது அதன் வேலை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால்தான் விந்தகம் நீக்கப்பட்ட எலி முழுமையாக மீள்கிறது.

பிறக்கும் முன்பே

டெஸ்டோஸ்டிரோன் ஏன் ஆணிடம் ஒரு விதமாகவும் பெண்ணிடம் வேறு விதமாகவும் வேலை செய்கிறது? இதற்கு விடை கருவறையில் இருக்கிறது. எலியின் கர்ப்பம் ஏறக்குறைய மூன்று வாரம். ஆண் கருவின் விந்தகம் 18-ஆம் நாளை ஒட்டியும், பிறந்த சில மணி நேரத்துக்குள்ளும் டெஸ்டோஸ்டிரோனைப் பொங்கவிடுகிறது. அந்த வெள்ளம் மூளையின் அமைப்பையே மாற்றிவிடுகிறது.

அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஃபீனிக்ஸ், வில்லியம் யங் முதலியோர் 1959-இல் கினிப்பன்றியில் இதை முதலில் தெளிவாகக் காட்டினார்கள். கருவுற்ற தாய்க்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, பிறந்த பெண் குட்டிகள் வளர்ந்து ஆணைப்போல் மற்றவற்றின் மேல் ஏறின. முதுகை வளைத்துக் கொடுப்பது அவற்றுக்கு வரவில்லை. பிறந்தவுடன் விந்தகம் நீக்கப்பட்ட ஆண் எலியோ, வளர்ந்த பின் பெண் இயக்குநீர்களைப் பெற்றால் பெண்ணைப்போல் வளைந்து கொடுக்கிறது. 1978-இல் ரோஜர் கோர்ஸ்கியின் குழு முன்பார்வைப் பகுதியில் ஆணிடம் பெண்ணைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும் ஓர் அணுத்திரளைக் கண்டது. பிறந்த ஓரிரு நாளில் டெஸ்டோஸ்டிரோன் கிடைத்தால் அந்தத் திரளின் அணுக்கள் பிழைக்கின்றன. கிடைக்காவிட்டால் பெரும்பாலானவை மடிகின்றன. குட்டிப்பருவத்தில் இயக்குநீர் மூளையைக் கட்டுகிறது. வளர்ந்த பின் அதே இயக்குநீர் கட்டியதை ஓட்டுகிறது.

முதுகுத்தண்டின் கடைசி வேலை

விறைப்பு இடுப்பு நரம்புகளின் வேலை. அவற்றின் முனைகளில் உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடு குறியின் இரத்தக்குழாய்த் தசைகளைத் தளர்த்த, இரத்தம் பாய்ந்து தேங்குகிறது. இதை 1992-இல் எலியிலேயே காட்டினார்கள். வயாகரா வகை மருந்துகள் நைட்ரிக் ஆக்சைடுக்கு அடுத்த கட்டத்தில் வேலை செய்கின்றன.

விந்து வெளியேற்றத்துக்கு ஆணையிடும் நரம்பணுக்கள் முதுகுத்தண்டின் இடுப்புப் பகுதியில், மூன்றாம் நான்காம் துண்டங்களில், கூட்டமாக இருக்கின்றன. 2002-இல் வில்லியம் ட்ரூயிட்டும் லிக் கூலனும் இந்தச் சிறு கூட்டத்தை மட்டும் தேர்ந்து அழிக்கும் நச்சைச் செலுத்தினார்கள். அந்த ஆண் எலிகள் ஏறின, உட்புகுத்தின. ஆனால் விந்தை வெளியேற்ற முடியவில்லை. பத்து உட்புகுத்தல்களின் உணர்ச்சியைச் சேர்த்து, போதும் என்ற அளவு வந்ததும் விந்து நாளத்தையும் புராஸ்டேட்டையும் குறியடித் தசைகளையும் முறைப்படி சுருங்க வைப்பது இந்தக் கூட்டம்தான். அதே நேரத்தில் அது மூளைக்கும் செய்தி அனுப்புகிறது.

வெளியேறிய விந்து சில நிமிடங்களில் யோனிக்குள் ரப்பர்போல் இறுகுகிறது. விந்துப்பையின் புரதங்களை உறைவிக்கும் சுரப்பியின் நொதி பிணைப்பதால் உண்டாகும் இந்த அடைப்பு, விந்தணுக்களைக் கருப்பைக்குள் தள்ள உதவுகிறது. அதே அடைப்பை அடுத்து வரும் ஆணின் உட்புகுத்தல்கள் பெயர்த்துவிடவும் முடியும். பெண் ஒன்றைப் பல ஆண்கள் ஒரே இரவில் சுற்றுவது எலிக்கூட்டங்களில் வழக்கம் என்பதால், அடைப்பும் அதைப் பெயர்க்கும் முயற்சியும் ஆண்களுக்குள் நடக்கும் போட்டியின் ஒரு களம்.

இளைப்பாறும் நேரம்

விந்து வெளியேறிய பின் ஆண் தரையோடு ஒட்டிப் படுத்துவிடுகிறது. முதல் முறைக்குப் பின் இந்த ஓய்வு ஐந்து நிமிடம் அளவில் இருக்கும். அதன் பெரும்பகுதியில் ஆண் 22 கிலோஹெர்ட்ஸில் நீண்ட ஒலி எழுப்புகிறது. ரொனால்ட் பார்ஃபீல்டும் லினெட் கெயரும் 1972-இல் அதைப் பதிவு செய்தார்கள். இந்த ஓய்வினால் இன்னொரு பயனும் உண்டு. விந்தணுக்கள் கருப்பை வாயைக் கடந்து போகச் சில நிமிடம் தேவை; அதற்குள் மீண்டும் உட்புகுத்தினால் அவற்றின் போக்கு கெடும்.

ஓய்வு முடிந்ததும் அடுத்த சுற்று தொடங்குகிறது. இம்முறை உட்புகுத்தல்கள் குறைவு; ஓய்வு நீளுகிறது. ஏழு சுற்று அளவில் ஆண் முற்றிலும் அடங்கிவிடும். பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்ப இரண்டு வாரம் ஆகும். ஆனால் அடங்கிய ஆணின் முன் புதிய பெண்ணை விட்டால் அது மறுபடியும் எழுகிறது. கூலிட்ஜ் விளைவு என்று பெயர்பெற்ற இது, அடங்கல் என்பது உடல் களைப்பு மட்டும் இல்லை, மூளை போட்ட தடை என்பதைக் காட்டுகிறது.

இனத்துக்கு ஒரு முறை

கொறிவிலங்குகளெல்லாம் எலியைப்போல் நடப்பதில்லை. டொனால்ட் டியூஸ்பரி 1972-இல் பாலூட்டிகளின் கலவியை நான்கு கேள்விகளால் வகைப்படுத்தினார்: ஆணும் பெண்ணும் பூட்டிக்கொள்கின்றனவா, உள்ளே இருந்து தொடர்ந்து அசைவு உண்டா, உட்புகுத்தல் பலமுறையா, விந்து வெளியேற்றம் பலமுறையா? எலிக்குப் பூட்டு இல்லை, அசைவு இல்லை, மற்ற இரண்டும் பலமுறை. சுண்டெலிக்கு உட்புகுத்தி அசையும் வழக்கம் உண்டு. விந்து வெளியேறும்போது உறைந்துபோய்ப் பெண்ணோடு பக்கவாட்டில் சாய்ந்து விழும்.

கலவிக்குப் பின்னும் வேறுபாடுகள் தொடர்கின்றன. வட அமெரிக்கப் புல்வெளி வோல் என்னும் சிறு கொறிவிலங்கின் ஆண், ஒரே இரவின் கலவிக்குப் பின் அந்தப் பெண்ணோடு இணைபிரியாமல் வாழ்ந்து, அந்நியரைத் தாக்குகிறது. இதற்கு வாசோபிரசின் என்ற மூளைப் பொருள் காரணம் என்று 1993-இல் காட்டினார்கள். ஆண் சுண்டெலியோ பிற குட்டிகளைக் கொல்லக்கூடியது. விந்து வெளியேற்றிய பின், பெண் குட்டி போடும் காலத்தை ஒட்டி, அது கொல்வதை நிறுத்துகிறது. தன் குட்டியை அடையாளம் கண்டு அது அப்படிச் செய்வதில்லை. கலவியிலிருந்து நாளெண்ணும் ஒரு கடிகாரம் அதன் மூளையில் இருக்கிறது. பெண் சுண்டெலிக்கும் தற்காப்பு உண்டு. கருவுற்ற முதல் நாள்களில் அந்நிய ஆணின் வாசனை பட்டால் கரு தங்காமல் போவதை 1959-இல் ஹில்டா புரூஸ் கண்டறிந்தார்.

இந்த ஏற்பாட்டுக்குள் ஓர் ஒட்டுண்ணியும் புகுந்து விளையாடுகிறது. பூனையின் குடலில் இனம்பெருக்கும் டாக்சோபிளாஸ்மா, எலியைப் பூனைக்கு இரையாக்கினால்தான் தன் சுற்றை முடிக்க முடியும். சிங்கப்பூரில் அஜய் வியாஸின் குழு, தொற்றிய ஆண் எலிகளின் விந்தகம் கூடுதலாக டெஸ்டோஸ்டிரோன் சுரப்பதையும், பெண்கள் அவற்றை விரும்பித் தேடுவதையும் கண்டது. பூனைச் சிறுநீரின் வாசனை பட்டால் அஞ்சி ஓட வேண்டிய ஆணின் மூளையில், கலவிக்குரிய அமிக்டலாப் பாதை விழித்துக்கொள்கிறது.

உணவு, பெருக்கம், கட்டுப்பாடு

ஹைப்போதலாமஸின் துடிப்பை முடுக்குவது கிஸ்பெப்டின் என்ற பொருள். இதன் மரபணு 1996-இல் அமெரிக்காவின் ஹெர்ஷி நகரில் கண்டறியப்பட்டது. அந்த ஊர்ச் சாக்லேட்டின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. உடல் கொழுப்பு விடும் லெப்டின் குறைந்தால், அதாவது பட்டினி நேர்ந்தால், கிஸ்பெப்டின் ஓய்ந்து துடிப்பு தளர்கிறது. இளம் எலிக்குப் பருவம் தள்ளிப்போகிறது. பெண்ணிடம் இந்தத் தளர்ச்சி ஆணைவிடக் கடுமையானது.

தாராவியில் விடியற்காலையில் இட்லி வெந்து சைக்கிளில் நகரெங்கும் கிளம்புகிறது. மாட்டுங்காவின் உணவகங்களும் காய்கறிச் சந்தையும் இரவில் கழிவைக் கொட்டுகின்றன. செம்பூரை அடுத்த தேவ்னாரில் 1927 முதல் நகரத்தின் குப்பை குவிகிறது. இத்தகைய இடத்தில் எலிக்குப் பஞ்சகாலம் வருவதில்லை. பெருச்சாளி ஆண்டு முழுவதும் குட்டி போடுகிறது. பழுப்பு எலி, குட்டி போட்ட ஒரே நாளுக்குள் மறுபடி சினைப்பருவத்துக்கு வருகிறது. ஆண் எலியின் விந்தணு உருவாக ஏறக்குறைய 52 நாள் ஆனாலும் உற்பத்தி இடைவிடாத வரிசையாக நடப்பதால், விந்துக்குத் தட்டுப்பாடு இல்லை.

மும்பை மாநகராட்சி இரவு எலிப்பிடிப்போரை வேலைக்கு அமர்த்தியிருக்கிறது. ஒரு கையில் டார்ச், மறு கையில் தடி. ஒளியில் திகைத்து நிற்கும் எலியை ஒரே அடியில் வீழ்த்த வேண்டும். ஓர் இரவுக்கு ஒருவர் 30 எலி என்பது கணக்கு. வளைகளில் நச்சு மாத்திரையும் இடுகிறார்கள். உழைப்பு கடுமையானது, ஆனால் கலவியின் கணக்கு வேறு. பத்து ஆண்களில் ஒன்பதைக் கொன்றாலும், எஞ்சிய ஒன்று ஒரே இரவில் பல பெண்களுக்குப் போதும். பெண்ணைக் கொன்றால் பெருக்கம் குறையும். ஆனால் அந்த இடம் காலியாகி உணவும் மிஞ்சினால் பக்கத்து வளையிலிருந்து இளம் எலிகள் வந்து நிரப்பும்.

ஆணை மலடாக்கும் முயற்சிகளும் உண்டு. ஆல்ஃபா குளோரோஹைட்ரின் என்ற பொருள் விந்தணுவின் ஆற்றல் உற்பத்தியைத் தடுக்கிறது. அளவு கூடினால் விந்தக மேல்நாளமே அடைபடுகிறது. இதில் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு நின்றுவிடாமல் இருப்பது முக்கியம். நாட்டம் குறையாத மலட்டு ஆண் வழக்கம்போல் புணர்ந்து, பெண்ணைப் பொய்ச் சினையில் 12 நாள் கட்டிப்போடும். விந்தகம் நீக்கப்பட்ட ஆணோ ஒதுங்கி, இடத்தை வேறோர் ஆணுக்கு விட்டுவிடும். ஆனால் ஒரே இரவில் பல ஆண்களோடு புணரும் பெண்ணுக்கு, மலடாகாத ஆண் ஒன்று கிடைத்தாலே போதும். அதனால்தான் 2016-இல் அமெரிக்கா அனுமதித்த கான்ட்ராபெஸ்ட் என்ற திரவ இரை, ஆணின் விந்தணு, பெண்ணின் சினைமுட்டை இரண்டையும் குறிவைக்கிறது. நியூயார்க் நகர மன்றம் 2024-இல் எலிக் கருத்தடையைச் சோதித்துப் பார்க்கச் சட்டம் இயற்றியது. இரை மருந்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு: பக்கத்தில் அதைவிடச் சுவையான கழிவு கிடந்தால் எலி மருந்தைத் தொடாது. மூடிய குப்பைத் தொட்டி எலியின் தீனியைக் குறைத்து அதன் துடிப்பைத் தளர்த்துகிறது. மருந்து வைத்தால் எலி அதைத் தின்னவும் வைக்கிறது.